அறுந்துபோகாத அழைப்பு

மஞ்சப்புடவுக்கு செல்போன் சிக்னல் வந்து சேர்ந்தது ஓர் ஐப்பசி அடைமழைக்கு மறுநாள். யாரும் மனுக் கொடுக்காமல், எந்த அதிகாரியும் வந்து ரிப்பன் வெட்டாமல், ஊருக்கு மேற்கே துருத்திக்கொண்டிருக்கும் தும்பிப்பாறையின் மேல் மட்டும், ஒரு கட்டில் போடுகிற அளவு இடத்தில் அது தானாக வந்து இறங்கியது. இறங்கிய நாளிலிருந்தே அதற்கு ஒரு குணம் இருந்தது: பொய் பேசினால் நின்றது, மெய் பேசினால் அறுந்தது.

இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க மஞ்சப்புடவுக்காரர்களுக்கு நேரமில்லை, காப்பிப் பழம் எடுக்கிற காலம். அதுவரை அந்த மலையில் போன் என்பது பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும் வைத்திருந்த சாமான்தான். யாராவது ஜீப்பில் கீழே இறங்கினால், ஊரிலுள்ள போன்களையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு அவர் மடியில் வைத்துவிடுவார்கள்; செக்போஸ்ட் வளைவு தாண்டியதும் பைக்குள்ளிருந்து எல்லாப் போனும் சேர்ந்து மழைக்காலத் தவளைகள் மாதிரி கத்தும்; யாருக்கு யார் கூப்பிட்டார்கள், எந்த மகன் காசு அனுப்பியிருக்கிறான், எந்த ஊரில் யார் செத்துப்போனார்கள் என்று பையைக் கொண்டுபோனவர் பார்த்துவந்து சாயங்காலம் வீடு வீடாகச் சொல்லுவார். அப்படி இருந்த ஊருக்குப் பாறைமேல் சிக்னல் என்பதே பெரிசு. அது என்ன குணத்தோடு வந்தால் என்ன?

குணம் பிடிபடக் கொஞ்ச நாளானது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு ஒரு தாய், "காலு வீங்கிப்போச்சுடா, நடக்க முடியல" என்பாள், அறுந்துவிடும். மறுபடி கூப்பிட்டு, சரி எதற்குப் பிள்ளையைப் பயமுறுத்த என்று, "நான் நல்லாத்தேன் இருக்கேன்" என்பாள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கணீரென்று கேட்கும். ஒரு பையன் அடிவாரத்துக் கோம்பையிலிருந்த பெண்ணிடம், "உன்னையத்தேன் கட்டுவேன்" என்றதும் அறுந்தது. அந்தப் பெண் அங்கே அழுது தீர்த்தாள், ஆனால் அவன் சொன்னபடி அவளைத்தான் கட்டினான். போன் கம்பெனிக்கே கூப்பிட்டுப் புகார் சொல்லலாம் என்று போனவர்களுக்கு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு பெண் சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு மதியம் முழுக்கச் சொன்னாள், ஒரு தடவைகூட அறுபடவில்லை. வாட்ஸப்பில் வதந்தியெல்லாம் படத்தோடு வந்து சேர்ந்தது, சாவுச் சேதி வரவில்லை. ரேஷன் கடைக்காரர் விரல் வைக்கிற மிஷினைப் பாறைக்குத் தூக்கிவந்து பார்த்தார். கைரேகைக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் அந்த மிஷின் கடைசிவரை வேலை செய்யவில்லை.

புத்திசாலிகள் ஒரு வழி கண்டார்கள். கீழே இருக்கிற சொந்தக்காரர்களிடம் நேரில் போய், "நாங்க மழையில்லைன்னு சொன்னா மழைன்னு வச்சுக்கங்க, சுகம்னு சொன்னா சீக்குன்னு வச்சுக்கங்க" என்று ஏற்பாடு பண்ணிவிட்டு வந்தார்கள். பலிக்கவில்லை. கேட்கிறவனுக்குப் புரிந்துவிட்டால் அது பொய்யில்லையே, பேச ஆரம்பித்த உடனே அறுந்துபோனது. ஒருவரை மனசார ஏமாற்றினால்தான் மலை வழிவிட்டது. கேள்வி கேட்கலாம், அதில் பொய்யுமில்லை மெய்யுமில்லை. "ம்" கொட்டலாம், அழலாம். மற்றபடி வாயைத் திறந்தால் புளுக வேண்டும்.

ஊர் புளுகப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் மனுசன் பழகவில்லை? பிரசவ வலி கண்டவளைக் கீழே கொண்டுபோக ஜீப் வேண்டுமென்றால், ஜீப்புக்காரன் சேவியரைக் கூப்பிட்டு, "எஸ்டேட் மொதலாளி வந்திருக்காரு, மொளகு மூட்டை ஏத்தணும், கறி விருந்து இருக்கு" என்பார்கள். அவன் பதறிக்கொண்டு வந்து பார்த்தால் மொதலாளியும் இருக்க மாட்டார், மொளகும் இருக்காது, ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஏன்யா, உள்ளதைச் சொன்னா வரமாட்டேன்னா சொன்னேன்? மலைக்காரப் பயலுக பூராம் புளுகுமூட்டைக" என்று திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டு போவான். அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவனை ஏமாற்ற முடியாது, ஏமாற்ற முடியாவிட்டால் போன் நிற்காது என்று ஊரே சேர்ந்து அவனிடம் மறைத்தது. ஒருவரிடம் ஒன்றை ஊர் கூடி மறைப்பது எப்படி என்பதை மஞ்சப்புடவு சேவியரிடம்தான் பழகிப் பார்த்தது.

ஊருக்குள்ளேயே இந்தக் குணம் தெரியாத ஒருத்தியும் இருந்தாள். அவள் வேலுத்தாய்.

வேலுத்தாயின் புருசன் ராசாங்கம் வடக்கே சோலாப்பூரில் முறுக்குப் போடுகிறான். மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் முறுக்கும் மிக்சரும் போடப் போனவர்கள்தான், வருசத்துக்கு ஒருமுறை சித்திரையில் கை நிறையப் பையோடு வருவார்கள். ராசாங்கமும் முதலில் வந்துகொண்டிருந்தான், அப்புறம் வரவில்லை. அவளுக்குப் பிள்ளையில்லை, அப்பன் ஆத்தா இல்லை. அப்பன் விட்டுப்போன மேட்டுக்காடு ஒன்று அவள் பேரில் இருந்தது: காப்பியும் ஆரஞ்சும், வேலியோரம் மொளகுக் கொடி சுற்றிய முள்முருங்கை மரங்களும், நடுவில் தண்ணி வற்றாத ஒரு ஊற்றும். அந்தக் காட்டில்தான் அவள் பகல் பூராவும் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு தும்பிப்பாறைக்கு வருவாள், ராசாங்கம் கூப்பிடுவான். அவளைக் கூப்பிட அவனை விட்டால் ஆளில்லை, அவள் கூப்பிடவும் ஆளில்லை.

அவன் அழைப்பு ஒரு நாளும் அறுந்ததில்லை. பாறையில் மற்றவர்கள் அரைப் பேச்சில் போனை உதறிக்கொண்டும் வானத்தைத் திட்டிக்கொண்டும் நிற்கையில், அவள் கையில் இருக்கிற போன் மட்டும் கோயில் மணி மாதிரி கேட்கும். "வேலுத்தாயி, உன் நெனப்பாவே இருக்கேன் புள்ள" என்பான். "தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது" என்பான். "வர்ற தைக்கு வந்து உன்னையக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்பான். ஊர் ஜனம் சுற்றி நிற்கையில் புருசனிடம் என்ன பேசிவிட முடியும், அவள் பங்குக்கு "சாப்பிட்டீங்களா", "சளி தேவலையா" என்று கேட்பாள், மீதிக்கு வெட்கப்பட்டு "ம்" கொட்டுவாள். "வச்சிர்றேன்" என்று அவன் கடைசியில் சொல்லி முடிப்பதற்குள் போன் வைக்கப்பட்டிருக்கும். அது ஒன்றுதான் அவன் சொன்ன மெய், அது அவளுக்கு எப்படித் தெரியும்?

குணம் பிடிபடாத அந்த ஆரம்ப நாட்களில் ஊர்ப் பெண்களுக்கு அவள்மேல் பொறாமையான பொறாமை. பாறையில் நல்ல இடத்தை அவளுக்கு ஒதுக்கினார்கள். "உம் புருசன் கொரலுக்கு மலையே வழி விடுதுடி" என்றார்கள். புதுசாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவளிடம் போனைக் கொடுத்து ஒரு நிமிசம் கையில் வைத்திருந்து தரச் சொன்னார்கள், ராசி ஒட்டட்டுமென்று. அவளும் சிரித்துக்கொண்டு வைத்திருந்து கொடுப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிறகு குணம் பிடிபட்டது. ஒருவர் ஒருவராக, தங்கள் தங்கள் பேச்சு அறுந்து அறுந்து, எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். பேச்சு அறுபடாதவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வரவில்லை. ஊர்க்காரர்கள் பாறைமேல் நின்று கூசாமல் புளுகுவது அவள் காதிலும் விழுந்தது. ஜனங்க கெட்டுப்போச்சு, போன் வந்ததும் நாக்கும் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போனாள். பொறாமைப்பட்ட பெண்கள் இப்போது அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பாறையில் நல்ல இடம் அவளுக்கு அப்போதும் இருந்தது, ஆனால் அதை ஒதுக்கிக் கொடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யாராவது சொல்லுவார்கள் என்று ஒவ்வொருத்தரும் நினைத்தார்கள். "பாவம், மனசு ஒடஞ்சு போவா" என்றார்கள். பாவம் என்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அப்படியொரு வசதி அந்த வார்த்தைக்கு.

இப்படிச் சில வருசம் போனபின் ஒரு மாசியில் அடிவாரத்திலிருந்து ஒரு விடுதிக்காரர் கார் எடுத்துக்கொண்டு வந்து, மலை முழுக்கச் சுற்றிப் பார்த்து, வேலுத்தாயின் மேட்டுக்காட்டில் நின்று மூச்சை இழுத்து விட்டார். காடும் ஊற்றும் அவருக்குப் பிடித்துப்போனது. வெளியூர்க்காரர்கள் வந்து தங்க விடுதி கட்டுவேன், வருகிறவர்களுக்கு சிக்னல் இல்லாவிட்டால் ஆகாது, அதனால் அந்த மேட்டிலேயே ஒரு டவர் வைக்க ஏற்பாடு செய்வேன் என்று வார்டு மெம்பர் தங்கமாயனிடம் சொன்னார். தங்கமாயன் சாதாரணமாகவே கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற ஆள், அன்றைக்கு ஊர் மந்தையில் நின்று கத்தினார். "டவர் வந்துருச்சுன்னா உள்ளதை உள்ளபடி பேசலாம்ப்பா! நோவுன்னா நோவுன்னு சொல்லலாம்! இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிப் பொய் பேசி வயிறு வளக்கறது?" ஜனம் கை தட்டியது. மெய் பேசுவதற்கு ஊர் அவ்வளவு ஏங்கிப் போயிருந்தது.

வேலுத்தாய் முடியாதென்றாள். அப்பன் கை வைத்த மண் என்றாள். தங்கமாயன் சோலாப்பூருக்கு ஆள் பிடித்துச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசாங்கத்தின் குரல் கோயில் மணி மாதிரிக் கேட்டது. "காட்டைக் குடுத்துரு புள்ள. அந்தக் காசுல இங்க சொந்தமாக் கடை போட்டுர்றேன். மேல வீடு, கீழ கடை. ஜன்னல்ல நீ உக்காந்து வேடிக்கை பாக்கலாம். நாம இனிமே பிரிஞ்சு இருக்க வேண்டாம்." அவள் அழுதுகொண்டே "ம்" என்றாள். பாறையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள், அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்தது, போன் தும்முகிற அளவுக்குக்கூடத் தடங்கவில்லை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம்வரை பாவத்துக்காகப் பேசாமல் இருந்தவர்கள் இந்த மாதம் டவருக்காகப் பேசாமல் இருந்தார்கள். முகம் அதே முகம்தான், வெளியே வித்தியாசம் தெரியாது.

பங்குனி முதல் திங்கட்கிழமை பத்திர ஆபீசில் கையெழுத்து என்று நாள் குறித்தாயிற்று. வேலுத்தாய் ஆரஞ்சு மரங்களிடம் போய் நின்று நின்று வந்தாள். ஒரு பையில் நல்ல சேலைகளை எடுத்து வைத்தாள்.

அவளுக்குப் பக்கத்து வீடு பவுனுத்தாய், ராசாங்கத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. நிறைமாதக்காரி. நாத்தனார் என்று பேர்தானே தவிர, வேலுத்தாய்க்கு அவள் வளர்த்த பிள்ளை மாதிரி. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, புளியோதரை கட்டிக் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, அந்தக் கர்ப்பத்தைப் பாதி அவள்தான் சுமந்தாள். கையெழுத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஊர் முழுக்கக் காட்டு வேலைக்குப் போயிருந்த பகலில், நாளுக்கு முன்னாலேயே பவுனுத்தாய்க்கு வலி எடுத்துவிட்டது.

வேலுத்தாய் அவளைத் தோளில் தாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நடத்திக்கொண்டு போய்த் தும்பிப்பாறை அடியில் உட்கார வைத்தாள். ஜீப் அங்கேதான் வந்து திரும்பும். சேவியர் நம்பரைப் போட்டுக்கொண்டு பாறைமேல் ஏறினாள். "தம்பி, சேவியரு, பவுனுக்கு வலி கண்டுருச்சு" என்றாள். அறுந்தது. மறுபடி போட்டாள். "தம்பி, புள்ளைத்தாச்சிப் பொண்ணு..." அறுந்தது. மறுபடி, மறுபடி. "வலி" என்றால் அறுந்தது, "பவுனு" என்றால் அறுந்தது. வாழ்நாளில் ஒரு நாளும் அறுபடாத போன் அவள் கையில் செத்துச் செத்து விழுந்தது. கீழே பவுனுத்தாய்க்குப் பனிக்குடம் உடைந்து பாவாடை நனைந்துவிட்டது. அவள் பாறையை நகத்தால் பிறாண்டிக்கொண்டு கத்தினாள்:

"மதினி! உள்ளதைச் சொல்லாதீங்க மதினி! பொய்யைச் சொல்லுங்க! பொய் சொன்னாத்தேன் போன் நிக்கும்!"

"என்னடி ஒளர்ற?"

"ஐயோ மதினி, இந்தப் போன்ல மெய்யச் சொன்னா அறுந்துபோகும்! மொதலாளி வந்திருக்காகன்னு சொல்லுங்க, மொளகுன்னு சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க, நான் செத்துருவேன் மதினி!"

யோசிக்க நேரமில்லை. வேலுத்தாய் மறுபடி போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேவியரு, எஸ்டேட் மொதலாளி வந்திருக்காக, மொளகு மூட்டை நெறையக் கெடக்கு, கெடா வெட்டியிருக்கு, ஒடனே வா" என்றாள். போன் நின்றது. கணீரென்று நின்றது. "இந்தாக்கா, வண்டி எடுத்துட்டேன்" என்று அவன் சாவியைத் திருகிக்கொண்டே சொன்ன மெய்யில்தான் அறுந்தது.

ஜீப் வந்தது, சேவியர் திட்டினான், கீழே ஆஸ்பத்திரியில் பவுனுத்தாய்க்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி வேலுத்தாய் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பவுனுத்தாய் கண் திறக்கிறவரை காத்திருந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கண்ணன் போன் ஒரு தடவையாச்சும் அறுந்திருக்காடி?"

பவுனுத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"ஊருல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் மதினி."

"ஒனக்கு?"

"மொதல்லருந்தே தெரியும்." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குப் பயமா இருந்துச்சு மதினி. வலி வந்தா யாரு சேவியருகிட்டப் பொய் சொல்லுவாகன்னு பயமா இருந்துச்சு. டவர் வந்துட்டா நேராச் சொல்லிக் கூப்புட்டுக்கிரலாமேன்னுதேன். எம் பிரசவத்துக்குள்ள வந்துரும்னு மெம்பரு சொன்னாரு."

வேலுத்தாய் பிள்ளையை அவள் பக்கத்தில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். பேசினால் என்ன பேசியிருப்பாள்? இந்தக் காலைப் பிடித்துவிட்ட கை என்னுடையது என்றா? எண்ணெய் வைத்த தலைக்குள் இது இருந்ததா என்றா? புருசன் எங்கேயோ கண் காணாத சீமையில் இருக்கிறான், அவன் செய்தது ஒரு கத்தி என்றால் ஒரே குத்தோடு போயிற்று. இவர்கள் தினம் அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனவர்கள், அவள் கொடுத்த ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே அவளைப் பார்த்து நின்றவர்கள். அவளுக்கு வலித்தது, நெஞ்சுக்கூடு முழுக்க வலித்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் மலை ஏறி வருகிற வழியெல்லாம் ராசாங்கம் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். உன் நெனப்பாவே இருக்கேன். தொண்டையில சோறு எறங்கல. தைக்கு வந்துர்றேன். நாம இனிமே பிரிஞ்சு இருக்க வேண்டாம். எல்லாம் கணீர் கணீரென்று இருந்தது. அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவள் எத்தனை மழைக்காலம் குளிர் காய்ந்திருக்கிறாள். அப்படியும் மனசு கேட்கவில்லை பாருங்கள், ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாமே பொய்யாகவா இருக்கும், ஒன்றிரண்டு மெய்யைப் பொய்க்கு நடுவில் சொல்லியிருப்பான், நீதான் கவனிக்கவில்லை, அறுந்ததும் மறுபடி அடித்திருப்பான், உனக்கு மறந்துபோயிருக்கும் என்று அது வாதாடியது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடலாம் என்று அவள் அதைச் சமாதானப்படுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறையடியில் ஊரே இருந்தது. மறுநாள் கையெழுத்தென்பதால் தங்கமாயன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவளுக்கு விஷயம் தெரிந்துபோனது அவர்களுக்குத் தெரியாது, ஜீப்பைக் கூப்பிட்டது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பவுனுத்தாய் இன்னும் கீழேதான் இருந்தாள். வேலுத்தாய் தலை சீவவில்லை, பூ வைக்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் நடந்து பாறைமேல் ஏறி, போன் மணி அடித்ததும் ஸ்பீக்கரை அமுக்கித் தூக்கிப் பிடித்தாள்.

"வேலுத்தாயி, இப்பத்தேன் உன்னைய நெனச்சேன்" என்றான் ராசாங்கம். அறுபடவில்லை.

அந்தப் பாறைமேல் நின்றவர்கள் எல்லோரும் அதுவரை போன் அறுந்துவிடக் கூடாது என்றுதான் சாமியைக் கும்பிட்டிருக்கிறார்கள். அறுந்துவிடட்டும் என்று கும்பிட்டவள் அவள் ஒருத்திதான். பெரிய கேள்வியைக் கேட்கத் தைரியம் வராமல், சின்னச் சின்னதாகக் கேட்டாள், மெய் சொல்வதற்கு ஒரு செலவுமில்லாத கேள்விகளாகப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல புள்ள, நீயில்லாம என்ன சாப்பாடு." அறுபடவில்லை.

"எங்கருந்து பேசுறீங்க?"

"கடையில, அடுப்புக்கு முன்னாலதேன் நிக்கிறேன்." அறுபடவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது, யாரோ தமிழில் அதைச் சமாதானம் செய்தார்கள்.

"அது யாரு வீட்டுப் புள்ள அழுகுது?"

"பக்கத்து வீட்டுப் புள்ள, கடைக்கு வந்திருக்கு." அறுபடவில்லை.

கீழே நிற்கிறவர்கள் தரையைப் பார்த்தார்கள். இன்னும் ஒன்றே ஒன்று கேட்டாள், இதிலாவது அவன் பேச்சு அறுந்துவிட வேண்டுமென்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அங்க மழையா, வெயிலா?"

"மழையா? அட நீ வேற, ஒரு பொட்டு மேகம் இல்ல, வெயிலு கொளுத்துது" என்றான். அவன் நின்ற இடத்தில் தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டுகிற சத்தம் பாறை முழுக்கக் கேட்டது. அறுபடவில்லை.

மழைக்குக்கூட அவன் மெய் சொல்லவில்லை. வேலுத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று கீழே நின்றவர்கள் நினைத்தார்கள். அழுதாள்தான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"என்ன புள்ள, பேச்சைக் காணோம்? நாளைக்குக் கையெழுத்துத்தான? மெம்பரு எல்லாம் பேசி முடிச்சிட்டாருல்ல?"

அதுவரை அவனிடம் கேள்வியும் "ம்"மும் தவிர ஒன்றும் பேசியிராதவள், முதல்முறையாகப் புருசனிடம் வாயைத் திறந்து பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் ஊர் கேட்கும்படியாகப் பேசினாள்.

"என்னைய எந்தக் கொறையும் இல்லாம நல்லா வச்சிருக்கீங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

தங்கமாயன் நிமிர்ந்து போனைப் பார்த்தார். அறுபடவில்லை.

"இந்த ஊர்க்காரவுக எல்லாம் என்னையத் தங்கச்சி மாதிரிப் பாத்துக்கிர்றாக. இவுகளை விட்டுட்டு வரத்தேன் கஷ்டமா இருக்கு."

அறுபடவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு விடியவும் கீழ எறங்குறேன். காட்டைக் குடுத்துக் கையெழுத்துப் போட்டுர்றேன். உங்களைத்தேன் நம்பியிருக்கேன்."

சிறுசும் பெருசுமாக அத்தனை பேரும் அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு, அறுந்துவிடு, அறுந்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றார்கள்.

"எந்தங்கம்" என்றான் ராசாங்கம், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக.